இடாப்பில் நின்ற பெயர்

மலைநாட்டில் ஒவ்வொரு நாட் காலையும் இரண்டு இடங்களில் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. ஒன்று பிரட்டுக்களம், மற்றொன்று பாடசாலை. பனியில் விறைத்த கால்களோடு பிரட்டில் வந்து நிற்கும் தாயின் பெயர் செக்ரோலில் ஏறுகின்றது. ஏறினால் அன்றைக்குக் கூலி; ஏறாவிடில் இல்லை. அதே வேளையில், அவள் தலைசீவி அனுப்பிய பிள்ளையின் பெயர் வகுப்பறையில் வரவு இடாப்பில் ஏறுகின்றது. அதற்குக் கூலி உடனே கிடைப்பதில்லை. எனினும், பிரட்டில் நிற்கும் பரம்பரைக்கு ஒரு முடிவு உண்டென்றால் அது அந்த இடாப்பிலேதான் தொடங்கும் என்று அந்தத் தாய் நம்புகிறாள். ஆசிரியராகிய நாமும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை இல்லாமல் இம்மலைகளில் இத்தொழிலைச் செய்ய முடியாது.

அந்த இடாப்பிலே ஒரு பெயருக்கு நேரே என்ன குறிப்பதென்று தெரியாமல், பேனாவைப் பிடித்தபடி நாம் நின்ற ஒரு காலையைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். ஆசிரிய நண்பர்களுக்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவருக்கும் அது பயன்படக்கூடும். துயரத்தைச் சொல்லி இரக்கம் வாங்குவது எம் நோக்கமன்று. துயரம் வந்தபோது ஒரு பாடசாலை என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது, என்ன செய்திருக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதே நோக்கம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பதுளை மாவட்டத்தில், பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில் கொஸ்லாந்தை என்னும் சிற்றூர் உண்டு. அதன் அருகே மலைச்சரிவில் மீரியபெத்தைத் தோட்டம். நாட்கணக்காய்ப் பெய்த மழையில் ஊறிப்போயிருந்த மலை, காலை ஏழரை மணியை ஒட்டிப் பெயர்ந்து இறங்கியது. லயங்களும் கோயிலும் மண்ணுக்கடியில் மறைந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலரின் உடல்கள் இறுதிவரை கிடைக்கவேயில்லை. முதற் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்று செய்தி பரவிற்று. பின்னர் அத்தொகை குறைந்தது. ஒரு தோட்டத்துப் பிரிவில் அன்று காலை எத்தனை பேர் இருந்தனர் என்று உடனே சொல்ல எவராலும் இயலவில்லை என்பதை மட்டும் வாசகர் மனத்திற் கொள்வாராக. ஒவ்வொரு நாளும் பெயர் வாசித்து வேலை வாங்கப்பட்ட மக்களின் தொகை அது!

நேரத்தோடு பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர். அவர்களைக் காத்தது பாடசாலை மணி. ஆனால் அவர்களுட் பலருக்கு மாலையில் திரும்பிச் செல்ல வீடு இருக்கவில்லை. சிலருக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

நாம் அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று வெளியேறி, அவ்வட்டாரத்துப் பாடசாலையொன்றில் நியமனம் பெற்று இரண்டாம் ஆண்டில் இருந்தோம். தரம் 10 வகுப்பில் புணர்ச்சி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த வேளை அது. பாண் விற்கும் முச்சக்கர வண்டிக்காரர் வாயிலிற் சொன்ன செய்தி, அதிபரின் அறையை எட்டுமுன்பே வகுப்புகளை எட்டிவிட்டது. ஆசிரியர்கள் கைத்தொலைபேசியும் கையுமாக விறாந்தையில் நின்றனர். யார் பிள்ளைகளிடம் சொல்வது, என்ன சொல்வது, எப்போது சொல்வது என்று எவரும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காமல் விட்டால் செய்தி காத்திருக்குமா? அது வாய்க்கு வாய் பெருத்தது. “முழு மலையும் போச்சாம்” என்றது ஒரு குரல். “கீழ் லயத்துக்காரங்க எல்லாரும் தப்பிட்டாங்களாம்” என்றது மற்றொரு குரல். இரண்டுமே பொய். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுட் சிலர் வாயிலைக் கடந்து ஓடினர். இன்னும் சரிந்துகொண்டிருந்த மலையை நோக்கி இரு சிறுவர் ஓடினர். நாமும் இன்னோர் ஆசிரியரும் துரத்திச் சென்று, பாதி வழியில் அவர்களைக் கட்டிப்பிடித்து நிறுத்தினோம். அவர்களுள் ஒருவன் எம் கையைக் கடித்தான். தழும்பு மறைந்துவிட்டது, நினைவு மறையவில்லை.

அந்த வேளையில் எம் பாடசாலையில் இருந்தவை ஒரு மணி, ஒரு பிரம்பு, ஒரு முதலுதவிப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சும் கட்டுத்துணியும் காலங்கடந்த ஒரு மருந்துப் போத்தலும் இருந்தன. கால் முறிந்தால் என்ன செய்வது என்று சுவரில் ஒரு படம் தொங்கியது. ஒரு காலைப் பொழுதில் உறவெல்லாம் முறிந்துபோனால் என்ன செய்வதென்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

கொஸ்லாந்தை, பூனாகலைப் பக்கத்துப் பாடசாலைகள் முகாம்களாயின. மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்தனர். கரும்பலகையில் கணக்குக்குப் பதிலாகக் குடும்பங்களின் பட்டியல் எழுதப்பட்டது. நாடெங்குமிருந்து அரிசியும் பருப்பும் துணியும் வந்தன. சிங்களக் கிராமத்தவர் சோற்றுப் பொதிகளைச் சுமந்து மலையேறி வந்ததை நாம் கண்ணாற் கண்டோம். இனப்பகையை விதைத்து வாழ்பவர் அதைக் காணவில்லை போலும். ஆனால் உதவியோடு ஒளிப்படக் கருவிகளும் வந்தன. தாயை இழந்த பிள்ளையை இழுத்து நிறுத்தி, “அம்மாவை ஞாபகம் வருகிறதா?” என்று கேட்ட பெரியவர்களும் வந்தனர்.

அவர்களைக் கண்டு நாம் பல்லைக் கடித்தோம். ஆயின், அவர்கள் செய்த பிழையையே சில நாளில் நாமும் செய்தோம். அதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

பாடசாலை மீண்டும் தொடங்கிற்று. துயரத்தை எழுதினால் நெஞ்சு இலேசாகும் என்று எங்கோ படித்த நினைவு. தமிழாசிரியர் அல்லவா? கட்டுரைப் பாடவேளையில் “நான் கண்ட மண்சரிவு” என்று கரும்பலகையில் எழுதினோம். நல்லெண்ணத்தோடுதான் எழுதினோம். வகுப்பில் ஒரு மாணவி. தாயும் தம்பியும் மண்ணுக்குள் போய்விட்டனர். அப்பாயியோடு முகாமில் இருந்தாள். அவள் தலைப்பை அழகாக எழுதி, கோடிட்டாள். கீழே தன் முகவரியை எழுதினாள்: பெயர், லயத்தின் இலக்கம், காம்பராவின் இலக்கம், பிரிவு, தோட்டம், கொஸ்லாந்தை. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. நாற்பது நிமிடம் அந்த முகவரியையே பார்த்திருந்து, மணி அடித்ததும் தாளைத் தந்துவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை.

நான்காம் நாள் முகாமுக்குப் போனோம். அப்பாயி முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் ஓர் எழுதும் மேசையைத் துடைத்து உட்காரச் சொன்னார். கோபமில்லை, குரல் உயரவுமில்லை.

“மாஸ்டர், நீங்க படிச்சவங்க. நான் சொல்லக் கூடாது. ஆனா சாவு வீட்டுக்குப் போனா நாம என்ன கேக்குறோம்? ஒன்னுங் கேக்குறதில்லையே. பக்கத்துல ஒக்காருறோம். தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறோம். அழுதா அழட்டும்னு கூட இருக்கோம். அதுவா பேசுனா கேட்டுக்குறோம். பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் மாஸ்டர் கேள்வி கேக்குறீங்க?”

எமக்குப் பதில் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கையறுநிலை என்னும் துறையைப் படித்து, அதற்கு விளக்கம் எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். இறந்தாரைக் குறித்துச் செயலற்று வருந்துதல் என்று விளக்கம். செயலற்ற நிலை என்றால் என்னவென்று அன்று அந்த மேசையில் இருந்தபோதுதான் விளங்கிற்று.

பின்னர் தேடிப் படித்தோம். உலக சுகாதார நிறுவனம் முதலியன 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல், களப்பணியாளருக்கு மூன்று செயல்களைச் சொல்கின்றது: பார், செவிமடு, இணைத்துவிடு. ஆபத்து நீங்கியதா, உணவும் உடையும் உண்டா என்று முதலிற் பார்க்க வேண்டும். அவர் பேசினால் கேட்க வேண்டும். நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தலாகாது. உறவோடும் உதவியோடும் அவரை இணைத்துவிட வேண்டும். அதிர்ச்சி கண்ட மாந்தரை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பது ஆராய்ந்து கண்ட முடிவு. முறத்தோடு அமர்ந்திருந்த அந்த மூதாட்டி சொன்னதற்கும் அந்நூல் சொன்னதற்கும் என்ன வேறுபாடு? உழைக்கும் மக்கள் சாவு வீட்டு முற்றத்தில் காலங்காலமாய்ப் பயின்ற அறிவு அது. பாடசாலை வாயிலில் நுழையும்போது அந்த அறிவை வெளியே விட்டுவிட்டு வந்தவர் நாம்தாம்.

இலங்கைத் தமிழில் இப்பணிக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்று ஒரு பெயர் வழங்குகின்றது. நல்ல பெயர். ஆற்றுப்படை நூல்களில் வழிகாட்டுபவன் யார்? அந்த வழியே நடந்து, வறுமையும் களைப்பும் கண்டு மீண்டவன். எதிர்ப்படும் இரவலனும் தன்னைப் போன்றவனே. மேலிருந்து கை நீட்டும் வள்ளல் அல்லன் அவன். பக்கத்தில் நின்று பாதையைச் சொல்பவன். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர், மருத்துவமனைக்குள் மட்டும் இருந்து நோயாளரைப் பார்ப்பதோடு நில்லாது, ஆசிரியர் முதலிய சமூகத்தவருக்குப் பயிற்சி தந்ததன் பொருளும் இதுவே. ஓர் ஊரே புண்பட்டிருக்கும்போது, அவ்வூரிலுள்ளவரே ஒருவரையொருவர் தாங்கக் கற்க வேண்டும். அதற்குத் தேர்ந்த மருத்துவர் பின்னே நின்று துணை செய்வார்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். ஆசிரியரைப் பற்றி யார் பேசினார்?

எம்மோடு ஒரு கணித ஆசிரியை இருந்தார். லயத்திற் பிறந்து, படித்து, ஆசிரியரானவர். மண்சரிவில் அக்காவையும் அக்காவின் பிள்ளையையும் இழந்தவர். சில நாள் விடுமுறையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை, பாடத்திட்டம் முடியவில்லை. “எவ்வளவு மனத்துணிவு!” என்று நாம் எல்லோரும் வியந்தோம். இன்று எண்ணிப் பார்த்தால், அந்த வியப்பு எமக்கு வசதியாக இருந்தது. ஒருவரைத் துணிவுடையவர் என்று புகழ்ந்துவிட்டால் அவருக்கு உதவ வேண்டிய கடமை நீங்கிவிடுகின்றதல்லவா? அவருடைய பாடவேளைகளில் ஒன்றைக்கூட எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. புத்தாண்டு பிறந்தபின், ஒரு நாள் வகுப்பில் பாதிக் கணக்கில் சுண்ணக்கட்டியோடு நின்றுவிட்டார். கை எழவில்லை, வாய் திறக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் சத்தமின்றி இருந்தனர். பின் ஒரு பெண் எழுந்து நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைத்தாள். ஒரு பையன் சுண்ணக்கட்டியை மெல்ல வாங்கி அடுத்த வரியை எழுதினான். அதற்கடுத்த வரியை இன்னொருவன் எழுதினான். மணி அடிக்கும்வரை வகுப்பு அப்படியே நடந்தது. ஆசிரியர் அறையில் இருந்த எமக்குத் தோன்றாத வழி அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியது.

அதன் பின்புதான் எமக்குப் புத்தி வந்தது. இலட்சங்கள் செலவிட்டுச் செய்யவேண்டிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மாலை கூடிப் பேசி, பின்வருவனவற்றை வகுத்தோம்.

முதலாவது, செய்தி. துன்பச் செய்தி வந்தால் ஆசிரியர் அனைவரும் முதலில் ஐந்து நிமிடம் கூட வேண்டும். தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்து, எல்லா வகுப்புகளிலும் ஒரே செய்தியை எளிய சொற்களிற் சொல்ல வேண்டும். சொல்பவர் அப்பிள்ளைகளுக்குப் பழகிய வகுப்பாசிரியர். நேரே பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டும் தனியே, உறவினர் ஒருவர் அருகிருக்கச் சொல்ல வேண்டும். “தூங்குகிறார்”, “வெளியூர் போயிருக்கிறார்” என்று பொய் சொல்லலாகாது. தூக்கம் என்று சொல்லப்பட்ட சிறு பிள்ளை பின்னர் தூங்கவே அஞ்சும்.

இரண்டாவது, வாயில். யார் வரலாம், யார் படம் எடுக்கலாம் என்பதை அதிபரும் பெற்றோரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். நிவாரணப் பொதிக்கு விலையாகப் பிள்ளையின் கண்ணீரைக் கொடுக்க வேண்டிய கடன் எவருக்கும் இல்லை.

மூன்றாவது, நேரசூசி. மணி வழக்கம்போல் அடிக்க வேண்டும். எல்லாம் குலைந்த பிள்ளைக்கு எட்டு மணிக்கு எட்டு மணி என்பதே ஒரு பற்றுக்கோடு. ஆனால் நேரசூசிக்குள் விளையாட்டும் பாட்டும் கூடுதலாக இருக்கலாம். வீட்டு வேலையும் சோதனையும் குறைவாக இருக்கலாம். இடையில் எழுந்து போய்ச் சற்று இருக்க ஓர் அமைதியான மூலை வேண்டும். எமக்கு நூலகம் என்று பெயர் பெற்ற ஒரு சிற்றறை அதற்கு உதவிற்று.

நான்காவது, கவனிப்பு. பெரும்பாலான பிள்ளைகள் வீடும் உணவும் உறவும் நட்பும் கிடைத்தால் மெல்லத் தேறிவிடுவர். வாரங்கள் கழிந்தும் உறங்காதவர், உண்ணாதவர், பேச்சை நிறுத்தியவர், தன்னையே வருத்துபவர் ஆகியோரைக் குறித்துவைத்து மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்கு உடன் சென்று சேர்ப்பித்தல் வேண்டும். கடிதம் கொடுத்து அனுப்பினால் போதாது. பதுளைக்குப் போய்வரும் பஸ் கட்டணம் ஒரு நாட் கூலியைத் தின்னும். கூட ஓர் ஆசிரியர் போக வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியர். இழப்புக் கண்ட ஆசிரியரின் பாடவேளைகளை மற்றவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர் கேட்குமுன்பே பகிர வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரம், தேநீரோடு, எந்த அறிக்கையும் எழுதாமல், ஆசிரியர்கள் தம் பாரத்தைத் தாமே இறக்கிவைக்க ஓர் இருப்பு வேண்டும்.

ஆறாவது, ஆண்டு நினைவு. அந்தத் தேதி மீண்டும் வரும். மழையும் மீண்டும் வரும். கூரையில் பெருமழை விழுந்தால் எழுத்து நின்றுபோகும் வகுப்புகள் எம்மிடம் உண்டு. அந்நாளில் என்ன செய்வதென்று பிள்ளைகளையே கேட்க வேண்டும்.

இனி, இடாப்புக்கு வருவோம். எம் வகுப்பில் ஒரு மாணவி அன்று காய்ச்சலினால் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டில் இருந்தாள். உடல் கிடைக்கவில்லை. பெயரை நீக்கச் சான்றிதழ் வேண்டும் என்றனர். உடல் இல்லாமல் சான்றிதழ் எளிதில் வருமா? ஆகவே, பெயர் இடாப்பில் நின்றது. ஒவ்வொரு காலையும் அதை வாசிக்காமல் தாண்டிச் சென்று, ‘வரவில்லை’ என்ற குறியை இட்டோம். ஆற்றுக்குக் குளிக்கப் போய்ப் பாடசாலையைத் தவறவிட்ட பையனுக்கு இடும் அதே குறி. கை கூசிற்று.

முகவரியை மட்டும் எழுதித் தந்தாளே, அவள் திரும்பி வந்திருந்தாள். இவர்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒரு நாள் இடாப்பு முடிந்ததும் அவள் எழுந்தாள். “சேர், அவ பேரையும் வாசிங்க. வாசிக்காம விட்டா, அவ இருந்ததே இல்லைன்னு ஆயிரும்” என்றாள். மண்சரிவுக்குப் பின் வகுப்பில் அவள் பேசிய முதற் பேச்சு அது. நாம் கேட்டு வாங்கியதன்று, தானாக வந்தது.

வகுப்பைக் கேட்டோம். ஒருவன் வேண்டாம் என்றான். கேட்க முடியவில்லை என்றான். அவன் சொன்னதும் நியாயமே. நெடுநேரம் பேசினர். முடிவில், திங்கட்கிழமைகளில் மட்டும் வாசிப்பது, மற்ற நாட்களில் மனத்தில் சொல்லிக்கொள்வது என்று அவர்களே தீர்மானித்தனர். தவணை முடியும்வரை அவ்வாறே செய்தோம். அந்தப் பெயரை வாசித்து, ஒரு மூச்சு நின்று, அடுத்த பெயருக்குப் போவோம். எவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஜனவரியில் புதிய இடாப்பு எழுதும்போது, “இனி வேண்டாம் சேர், எங்களுக்கு ஞாபகம் இருக்கும்” என்றவளும் அவளே.

இத்தனையும் செய்தோம் என்று நிறைவு கொள்ள முடியுமா? முடியாது. அதற்குக் காரணம் சொல்ல, கடல் கடந்து ஒரு சுரங்க ஊருக்குப் போக வேண்டும்.

வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்பது நிலக்கரித் தொழிலாளர் ஊர். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் காலை, ஊருக்கு மேலே மலையிற் குவித்திருந்த சுரங்கக் கழிவு நீரில் ஊறிச் சரிந்து, பன்கிளாஸ் என்னும் ஆரம்பப் பாடசாலையை மூடிற்று. 144 பேர் இறந்தனர். அவர்களுள் 116 பேர் பிள்ளைகள். அங்கே மண் பாடசாலையைத் தேடி வந்தது. இங்கே பாடசாலைக்கு வந்தவர் தப்பினர். வேறுபாடு அவ்வளவே. அங்கும் தொழிலாளர் பிள்ளைகள். இங்கும் தொழிலாளர் பிள்ளைகள். தப்பிய பிள்ளைகள், பிள்ளையை இழந்த பெற்றோரின் கண்ணிற் படலாகாதென்று தெருவில் விளையாடவும் கூசினர். அவ்வாறு தப்பியோரை 33 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நூற்றுக்கு 29 பேரிடம் அதிர்ச்சியின் உளநோய் இன்னும் இருந்தது. இரண்டு வாரம் ஆறுதல் சொல்லி மூன்றாம் வாரம் மறந்துவிடும் வழக்கத்தை எண்ணி, வாசகரே, இந்த எண்ணைச் சற்று நோக்குக.

அபர்வானிலும் ஆபத்தை முன்கூட்டியே எழுத்தில் உணர்த்தியிருந்தனர். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. விசாரணை மன்று 1967இல் தேசிய நிலக்கரிச் சபையையே குற்றவாளி என்றது. அப்படியிருந்தும், எஞ்சிய கழிவுக் குன்றுகளை அகற்ற, மக்கள் துயரத்துக்கென்று திரட்டிய நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுக்கப்பட்டது. அது 1997இல்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தன் பிள்ளையைக் கொன்ற மண்ணை அகற்றத் தானே கூலி கொடுத்த மக்கள் அவர்கள்!

மீரியபெத்தைக்கும் எச்சரிக்கை இருந்தது. அந்நிலம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்போர் உண்டு. எங்கே போவது? லயம் அவர்களுடையதன்று, லயம் நிற்கும் நிலமும் அவர்களுடையதன்று. பிரட்டுக்குப் போகும் தூரத்தில் வேறு கூரை இல்லை. காடாய்க் கிடந்த மலைகளைப் பசுந்தேயிலையாக்கிய பரம்பரை இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததென்று 2023இல் விழா எடுத்தோம். அப்பரம்பரையின் பெரும் பகுதிக்கு ஒரு துண்டு நிலம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கின்றது. 7 பேர்ச் காணி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். மீரியபெத்தையில் எஞ்சியோர் ஈராண்டளவு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிற் கிடந்தனர். 2016இலேதான் அவர்களுக்குப் புது வீடுகள் கைக்கு வந்தன. அந்த ஈராண்டும் எம் மாணவி பாடம் படித்தது இயந்திரம் கழற்றிய மண்டபத்தில், சேலையைத் திரையாகக் கட்டிய ஒரு மறைவில். அவளுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை ஆறுதல் சொன்னாலென்ன? அவள் நெஞ்சுக்கு மருந்து, கதவுள்ள ஒரு வீடாகவும் இருந்தது. புது வீட்டுக்குப் போனபின் ஒரு நாள், எம்மிடம் ஒரு சிறு தாளைத் தந்தாள். அதில் அவள் புதிய முகவரியை எழுதியிருந்தாள். பெயர், இலக்கம், ஊர். கீழே ஒரு வரி: “சேர், இதுக்குக் கடிதம் போட்டா வரும்.”

ஆறுதல் வேறு, நீதி வேறு என்று பிரிப்பவரோடு எமக்கு உடன்பாடில்லை. நீதியில்லாத ஆறுதல் பாதியில் நின்றுபோகும். ஆறுதலில்லாத நீதி வருமட்டும் பிள்ளை தாங்காது. ஆசிரியர் இரண்டையும் ஒரே கையால் பிடிக்க வேண்டியவர்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இந்நாட்டை உலுக்கியது. 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை மாவட்டத்திலும் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. அந்த வாரத்தில் வேறொரு பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “சேர், பிள்ளைகள் திரும்பி வரும்போது முதல் நாள் எந்தப் பாடத்தை நடத்துவது?” என்று கேட்டார். பதினோராண்டுக்கு முன் எம்மிடம் இருந்த அதே கேள்வி, அதே நடுக்கம். எம் முதலுதவிப் பெட்டியில் இல்லாதது இன்னும் பல பெட்டிகளில் இல்லை என்று அறிந்தோம்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லி முடிக்கிறோம். மழைக்கு முன்பே கூடுங்கள். யார் சொல்வது, யார் உடன் இருப்பது, யார் வாயிலில் நிற்பது, யார் யாருடைய பாடவேளையை ஏற்பது என்று இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளின் லயங்களுள் ஆபத்தான சரிவில் எவை நிற்கின்றன என்று கேட்டறிந்து, அப்பட்டியலை உரியவரிடம் கொடுங்கள். பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் கொடுங்கள். சங்கங்கள் இதைச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்துக் கேட்கட்டும். முதல் நாள் பாடம் எதுவென்று கேட்டீர்கள். இடாப்பைத் திறந்து, எல்லாப் பெயர்களையும் நிதானமாக வாசியுங்கள். வந்தவரின் முகத்தைப் பாருங்கள். வராதவரின் பெயரில் சற்று நில்லுங்கள். அதன் பின், பிள்ளைகள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.